மணி அடிக்காத கார்டு

எட்டு வீட்டுக்கு ஒரு கார்டு. இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. டெலிபோன் என்றால் ஒரு கம்பம், ஒரு கம்பி, மேஜைமேல் ஒரு பெட்டி, அவ்வளவுதான் ஜனங்களுக்கு. நடுவில் ஒருத்தன் கார்டுகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அந்த ஒருத்தன் நான்தான்.

2004ல் என்னைச் சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற சாலையில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டார்கள். பீரோ உயரத்துக்கு இரண்டு இரும்பு ரேக், அதில் புத்தகம் அடுக்கியதுபோல் வரிசையாகச் செருகிய எலக்ட்ரானிக் பலகைகள், அவைதான் கார்டுகள். கட்டடத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அது என் குவார்ட்டர்ஸ். எக்ஸ்சேஞ்சில் ஏசி உண்டு, கார்டுகளுக்குச் சூடு ஆகாது. குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகும். அதிகாரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "கார்டு வெல தெரியுமாய்யா ஒனக்கு?" என்றார். என் விலை அவருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

மனைவி அதற்கு முந்தைய வருடமே விழுப்புரத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு முன்கோபம், அவளுக்குப் பேசாமலே இருந்துவிடும் பழக்கம். கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். என் அம்மா அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மிச்சம் இருந்தது அப்பா ஒருத்தர். கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை எடைபோட்டு ஓய்வு பெற்றவர். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் இருந்த வீட்டில், அவர் மட்டும் இருந்தார். அவர் அங்கே ஒண்டி, நான் இங்கே ஒண்டி. இடையில் ஒரு பஸ் தூரம்தான். இருந்தாலும் லேசில் போய்வர மாட்டோம். என் முன்கோபம் எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

அம்மா இறந்த பிறகு அப்பா ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். சாயங்காலம் டிவியில் செய்தி முடிந்ததும் என் வீட்டு நம்பருக்கு அடிப்பார். இரண்டு மணி அடிக்க விட்டு வைத்துவிடுவார். நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். உடனே நான் அவருக்கு இரண்டு மணி அடித்து வைப்பேன். நானும்தான் என்று அர்த்தம். இரண்டைத் தாண்டி மணி தொடர்ந்து அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், ஏதோ விஷயம் இருக்கிறது. இரண்டைத் தாண்டியதே இல்லை. "எடுத்தாதான் காசு. புள்ள ஃபோன் ஆபீஸ்ல இருக்கும்போது நான் எதுக்குடா தண்டமா காசு கட்டணும்?" என்பார். பீடிக்குத் தீக்குச்சி வீணாகிறதென்று அடுப்பில் பற்ற வைத்த மனுஷன் அவர்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு மணிக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் பார்க்கப் போனால்கூட இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். தட்டில் சோற்றைப் போட்டு ஃபோன் பக்கத்தில் உட்காருவேன். மணி அடித்து நின்றதும் பதிலுக்கு அடித்துவிட்டுத்தான் முதல் கவளம். ஒருத்தரோடு சேர்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

2005ல் அம்மாவின் திதிக்குக் கடலூர் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாம் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, பேச்சுவாக்கில் என்னைப் பார்த்து, "இன்னொரு பொண்ணு பாக்கலாமா மாப்ள?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவனுக்கா? இருந்த ஒருத்திய வெச்சிக் குடும்பம் நடத்தத் துப்பில்ல. இன்னொன்னு பாத்து அதையும் தொரத்தி உடவா?"

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் இலையை மூடாமல் எழுந்தேன். கை கழுவினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெற்ற அப்பன் சொல்கிற பேச்சா அது? அதுவும் அத்தனை பேர் எதிரில்?

ஆனால் மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. இரண்டு. நின்றது. வீம்போடு உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மன்னிச்சிக்கடா என்று சொல்கிற ஆள் அவர் இல்லை. அந்த இரண்டு மணிதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. நானும் அடித்தேன். விஷயம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருட மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது. ஒருநாள் மத்தியானம் இடி இறங்கி என் ரேக்கில் ஒரு கார்டு கருகிப்போனது. எட்டு வீட்டு ஃபோன் ஒரே நேரத்தில் செத்தது, என்னுடையதும் அதில் ஒன்று. கடலூர் நியூ டவுனில் இருந்த ரிப்பேர் செக்‌ஷனில் மாற்றுக் கார்டு கேட்டேன். "ஊர்ல இருக்குற கார்டு பூரா எரிஞ்சிதான் கெடக்கு, இருக்குறத வெச்சி ஓட்டுய்யா" என்று சொல்லிவிட்டார்கள்.

இருந்ததை வைத்து ஓட்டினேன். இங்கேதான் கொஞ்சம் கார்டு சமாசாரம் சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு வகை கார்டு இருந்தது. ஒன்று சாதா கார்டு, வீடுகளுக்கு. இன்னொன்று காயின் பாக்ஸ் கார்டு. பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடையிலும் பிச்சாவரம் படகுத்துறையிலும் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்புப் பெட்டி இருந்ததே, அதற்கு. எதிர்முனையில் ஃபோனை எடுத்த நொடியில் இந்தக் கார்டு லைனில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போடும். அதை வைத்துத்தான் பெட்டி காசை விழுங்கும். மற்றபடி சாதா கார்டு செய்கிற வேலை எல்லாம் இதுவும் செய்யும். வீட்டு ஃபோனை இதில் கொடுத்தாலும் பேசுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

எட்டு வீட்டில் ஐந்து வீட்டுக்குச் சாதா கார்டுகளில் ஆங்காங்கே இடம் கிடைத்தது. பாக்கி மூன்று. காயின் பாக்ஸ் கார்டில் மூன்று இடம் காலி. யாரை அதில் போடுவது? சும்மாவே ஜனங்கள் என்னை வறுத்தெடுப்பார்கள், மாற்றிய லைனில் கோளாறு என்றால் விடவே மாட்டார்கள், ஆகவே பூட்டியிருந்த வீடுகளாகப் பார்த்துப் போட்டேன். சென்னையில் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாத்தியார் வீடு. மகளின் பிரசவத்துக்குப் பெண்ணாடம் போயிருந்த ஓர் அம்மாவின் வீடு. மூன்றாவது என் வீடு. ஆள் இருந்தும் பூட்டிய வீடு மாதிரிதானே அதுவும்!

லைன் மாற்றினால் சோதிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போய், ஒரு டெஸ்ட் நம்பரை அடித்து ஃபோனைக் கீழே வைத்தால், எக்ஸ்சேஞ்ச் திரும்ப அழைத்து மணி அடித்துக் காட்டும். ஐந்து வீட்டுக்கும் மழையில் நனைந்துகொண்டே போய் அதைச் செய்தேன். பூட்டிய வீடுகளில் எப்படிச் செய்வது? விட்டுவிட்டேன். என் வீட்டில் ஃபோனைக் காதில் வைத்தேன். டயல் டோன் ஜம்மென்று வந்தது. போதும் என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை.

மழையில் கடலூரில் கரண்ட் இருக்காது, செய்தி பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் சோறு காய்ந்துபோகும் வரை உட்கார்ந்திருந்தேன். ஃபோனை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் பாடிக்கொண்டிருந்தது. லைன் நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் நல்லா இல்ல என்று வாய்விட்டே சொன்னேன். மாமா ஏதாவது கிளறிவிட்டிருப்பார், கிழத்துக்குப் பழைய கோபம் திரும்பியிருக்கும். இலையிலிருந்து எழுந்து வந்தது நான். அவமானப்பட்டது நான். இவருக்கு என்ன கோபம் வேண்டிக் கிடக்கிறது?

நானே அடித்திருக்கலாம். முதல் மணி எப்போதும் அவருடையது. அதை நான் அடித்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். ஒருநாள் அவர் நம்பரில் பாதி வரை அழுத்திவிட்டுப் பட்டென்று வைத்தேன். உள்ளுக்குள் பயமும் இல்லாமல் இல்லை. வயசான மனுஷன், ஒண்டிக்கட்டை. ஆனால் ஏதாவது என்றால் தொடர்ந்து அடிப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்தாவது ஃபோன் வரும். ஃபோன் வரவில்லை என்றால் நன்றாகத்தான் இருக்கிறார். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

மழை ஓய்ந்தது. சாயங்காலங்கள்தான் போகமாட்டேன் என்றன. ஃபோன் பக்கத்தில் சாப்பிடுவதை விட்டேன். பிறகு சமைப்பதையே விட்டேன். மத்தியானம் சிதம்பரத்தில் வாங்கும் பொட்டலத்தையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டேன். பல நாள் எக்ஸ்சேஞ்சிலேயே ஏசிக் குளிரில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். ஊரே பேசிக்கொண்டிருந்தது என் ரேக் வழியாக. எவன் எவனுக்கோ மணி போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஓர் ஆள் இல்லை. இப்படியே கண்ணை மூடிவிட்டால் ஏசி ரிப்பேர் செய்ய வருகிறவன்தான் முதலில் பார்ப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

பெண்ணாடம் போயிருந்த அம்மா பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பினார். திரும்பிய மறுநாளே எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி ஃபோன் வெச்சிருக்கீங்க? துபாய்லேந்து எம்புள்ள அடிச்சி அடிச்சிப் பாக்குறானாம். ரிங் போவுதாம். இங்க மணியே வரல. நான் அடிச்சா மட்டும் நல்லாப் போவுது."

"ரிங் போவுதுன்னா மணி வந்திருக்கும். நீங்க கொல்லப் பக்கம் இருந்திருப்பீங்க."

"நான் ஃபோனக் கட்டிப் புடிச்சிகிட்டு உக்காந்திருந்தேன், கொல்லப் பக்கம்ன்றீங்களே!"

கூடவே போனேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். மணி நன்றாக இருந்தது. டெஸ்ட் நம்பரை அடித்துக் கீழே வைத்தேன். சத்தமே இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாம் ஒருவரை அழைக்கும்போது காதில் கேட்கிற ட்ரிங் ட்ரிங், எதிர்வீட்டு மணியின் சத்தம் இல்லை. அது எக்ஸ்சேஞ்ச் நம் காதுக்குத் தனியாக அனுப்புகிற ஓசை. எதிர்வீட்டு மணியை அடிக்க வைப்பது கார்டு. கார்டில் அந்தப் பாகம் செத்துவிட்டால், அழைக்கிறவர் காதில் ரிங் போய்க்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது. அந்தக் காயின் பாக்ஸ் கார்டில் மணிப் பாகம் எப்போது செத்ததோ. யாருக்குத் தெரியும்? பஸ் ஸ்டாப் பெட்டியிலிருந்து எல்லோரும் பேசுவார்கள். பஸ் ஸ்டாப் பெட்டிக்கு எவன் ஃபோன் பண்ணுவான்? யாரும் அழைக்காத இடங்களுக்கான கார்டு அது. அதனால் புகாரும் வந்ததில்லை.

அந்தக் கார்டில்தான் நானும் இருந்தேன்.

எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். பின்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் என் வீட்டு ஜன்னல். டெஸ்ட் ஃபோனிலிருந்து என் வீட்டு நம்பரை அடித்தேன். காதில் ட்ரிங் ட்ரிங் என்று அழகாகப் போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்பா தினமும் இதைத்தான் கேட்டிருப்பார். இரண்டு மணி அடித்து வைத்துவிட்டு, என் பதில் மணிக்காக அங்கே உட்கார்ந்திருப்பார்.

உடனே அப்பாவுக்கு அடித்தேன். இரண்டு மணி போனது. தாண்டியது. போய்க்கொண்டே இருந்து, தானாக அறுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பழுதான கார்டைக் கழற்றிக் கடலூரில் கொடுத்துத்தான் வேறு வாங்க வேண்டும். அதைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முதலில் ஓ.டி.க்குத்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா தம்பி?"

"அப்பா எங்கக்கா?"

"ஆஸ்பத்திரில. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து தொட எலும்பு போச்சி. தரையிலயே தேச்சிகிட்டு வந்து ஃபோன இழுத்து ஒனக்குத்தான் அடிச்சிருக்காரு. நீ எடுக்கல. அப்பறமாதான் சத்தம் போட்டு எங்களக் கூப்ட்டாரு. நானும் அடிச்சேன். ரிங் போவுது, போவுது, போயிகிட்டே இருக்குது. 'உடும்மா, அவனுக்குக் கோவம், எடுக்க மாட்டான்'னாரு ஒங்கப்பா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்."

மணியே அடிக்கவில்லை என்று சொன்னால் எந்த அக்கா நம்புவார்?

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தார். காலில் கயிறு கட்டி, கட்டில் ஓரமாக எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், எடைக்கல்லைப் பார்த்தார்.

"எத்தினி கிலோ கட்டியிருக்கான்னு தெரியல. முப்பது வருசம் எட போட்டவன்கிட்டயே கேக்காம கட்டிட்டான்" என்றார்.

"அப்பா..."

"சாப்ட்டியா?"

"அப்பா, மணியே அடிக்கலப்பா. சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா." பையிலிருந்து கார்டை எடுத்து, துண்டைப் பிரித்து, அவர் மடியில் வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். இடி விழுந்தது, லைன் மாற்றியது, காயின் பாக்ஸ், மணிப் பாகம் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபோன்காரன் ஊட்டுலயே ஃபோன் ரிப்பேரு" என்றார். "வேற எவன்கிட்டயாவது போயி சொல்லு. தெனம் அடிச்சேன்டா நான். வுழுந்த அன்னிக்கு எவ்ளோ நேரம் அடிச்சேன் தெரியுமா? ஈரத் துணியோட. ஒரு வாட்டி எடுத்து, செத்துப் போன்னு சொல்லியிருந்தாகூட ஆறுதலா இருந்திருக்கும்."

அவர் நம்பவில்லை. காலம் முழுக்க இந்த மனுஷன், மகன் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே இருக்கப் போகிறார். ரேக்கையே பெயர்த்துக் கொண்டுவந்து காட்டினாலும் நம்பப் போவதில்லை. கார்டில் எங்கே விரல் வைத்துக் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கார்டிலிருந்து நிமிர்ந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"சரி, ரிப்பேருன்னே வெச்சிக்குவோம். இத்தினி நாளா மணி அடிக்காதது ஒனக்கு எப்பிடிறா தெரியாம போச்சு? நான் ஒருத்தனா ஃபோன் பண்றேன்? வேற எவனாவது அடிச்சிட்டு, 'ஏன்டா எடுக்கல'ன்னு வந்து கேட்டிருப்பான்ல? கூட வேல செய்யிறவன், கூடப் படிச்சவன்?"

நான் தரையைப் பார்த்தேன். அவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"யாரும் அடிக்கலப்பா. ஒங்கள உட்டா அந்த நம்பருக்கு யாரும் அடிக்க மாட்டாங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா போனபோதுகூட இல்லை. நம்பிவிட்டார் என்று தெரிந்தது. என் விளக்கம் எதையும் அவர் நம்பவில்லை, இதைத்தான் நம்பினார். கார்டை எடுத்துத் துண்டில் பழையபடி சுற்றி, பார்சல் ஆபீஸ் முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல போயி இத மாத்திட்டு வா. ஊர்ல வேற எவனாவது நம்ம மாதிரி ஒக்காந்திருக்கப் போறான்" என்றார்.

மாற்றிவிட்டு வந்தேன். டிஸ்சார்ஜ் ஆகிறவரை லீவு போட்டுக்கொண்டு கூடவே இருந்தேன். சிதம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். "ஒழுவுற ஊட்டுக்கா?" என்றார். ஓ.டி. வீட்டிலேயே கட்டிலையும் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்து, எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, என் இடத்துக்குத் திரும்பினேன். அப்பா அதன் பிறகு சில வருடங்கள் இருந்தார். அந்த வருடங்களில் அவர் ஒரு நாளும் இரண்டு மணியோடு வைத்ததில்லை.

முதல் நாள் எனக்கு அது தெரியாது. சோறு வடித்து, ஃபோன் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தி முடிகிற நேரம். மணி அடித்தது. இரண்டு ஆனதும் பதில் மணி அடிக்கக் கையைக் கொண்டுபோனேன். நிற்கவில்லை. மூன்று. நான்கு. பதறி எடுத்தேன்.

"அப்பா! என்னப்பா ஆச்சு? கால் வலிக்குதா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்பறம் ஏன்பா? எடுத்தா காசு ஆவுமே."

"ஆவட்டும்" என்றார். "ஒனக்கும் யாராவது அடிக்கணும்லடா."